சர்ட்டிபிகேட்டும் சாக்கடையும்

திண்டிவனத்தை அடுத்து சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டு வருவது தோழர்கள் அறிந்ததேயாகும். அங்கு 400 கோடி ரூபாயில் ஆலை வைக்க டாபர் கம்பெனி 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்னும் பல கம்பெனிகள் வரலாம், வரட்டும். மணிலாவையும் கரும்பையும் நம்பிப் பிழைக்க முடியாமல் சென்னைக்கு ரயிலேறும் விழுப்புரம் வாலிபர்களுக்கு உள்ளூரில் வேலை கிடைப்பதை நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.

ஆனால் ஒரு விஷயம். ஆலை வாசலில் "ஐ.எஸ்.ஓ. 14001" என்று பலகை தொங்கினால், இனித் தண்ணீர் கெடாது என்று நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். சுவாமி படத்துக்குக் கொடுக்கும் மரியாதையைச் சட்டம் போட்ட காகிதத்துக்கும் கொடுக்கிறார்கள். அக்காகிதத்தின் யோக்கியதைதான் என்ன?

ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தர நிர்ணய சபை 1996-ல் வெளியிட்டு, 2004-லும் 2015-லும் திருத்திய விதிகள் இவை. அச்சபை எவருக்கும் சர்ட்டிபிகேட் கொடுப்பதில்லை. கொடுப்பவை வேறு தணிக்கைக் கம்பெனிகள். அவற்றுக்குக் கூலி கொடுப்பவர் யார்? தணிக்கைக்கு உட்படும் முதலாளியேதான்! பெண் வீட்டார் காசில் ஜாதகம் பார்க்கும் ஜோசியன் பொருத்தமில்லை என்று சொல்லுவானா?

மேலும், கழிவு நீரில் விஷம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அவ்விதிகளில் ஓரிடத்திலும் இல்லை. கொள்கை வகு, கேடுகளைக் கண்டறி, குறி வை, சட்டத்துக்கு அடங்கு, தப்பைத் திருத்து என்பதே அதன் சாரம். குறியை வைப்பவரும் முதலாளியே. அளவு நிர்ணயிப்பதெல்லாம் 1974-ம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டமும், 1981-ம் வருஷத்துக் காற்றுச் சட்டமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியமுமே. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை 100 கோடி ரூபாய் கட்டவேண்டுமென்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டதும் சட்டத்தின் பேரில்தான்.

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் ஆலைகள் இந்தச் சர்ட்டிபிகேட் பெற்றவையே. அவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில், சோதனையின்போது மாத்திரம் புகையை அடக்கிக் காட்டும் தந்திரத்தைப் பொருத்தியிருந்தது 2015-ல் வெளியாயிற்று. அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் காரை ரோட்டிலேயே ஓட்டி அளந்து பார்த்ததால் அல்லவா அகப்பட்டது! சர்ட்டிபிகேட் ஆலைக்கே ஒழிய, கார் கக்கும் புகைக்கல்ல.

அப்படியானால் அது வீணா என்று கேட்கலாம். வீணல்ல. கழிவுக்குக் கணக்கெழுதும் பழக்கமாவது உண்டாகும். தவிர, தன் சுற்றுச்சூழல் கொள்கையைச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும் என்று அவ்விதியே சொல்லுகிறது. பக்கத்துக் கிணற்றுக்காரனைவிடச் சம்பந்தப்பட்டவன் யார்? கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள். சர்ட்டிபிகேட் எந்தெந்த வேலைக்குக் கொடுக்கப்பட்டது, அதன் மூன்று வருஷத் தவணை முடிந்துவிட்டதா, வாரியத்தின் இசைவாணை எங்கே என்றும் கேளுங்கள்.

அதற்கும் முன்பாக, ஆலைச் சங்கு ஊதுவதற்குள், உங்கள் கிணற்றுத் தண்ணீரை விழுப்புரத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து, அந்த முடிவை ஊராட்சி தஸ்தாவேஜில் தேதியோடு பதியச் செய்யுங்கள். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், முன்னமே அப்படித்தான் இருந்தது என்று எவரும் சொல்ல இடமிராது.