ஸ்கங்க்கை விரட்டுவதா, வீட்டை அடைப்பதா?

கனடாவில் நம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோ, மார்க்கம் போன்ற இடங்களில் பனி கரையத் தொடங்கியதும் ஒரு முறைப்பாடு கிளம்பிவிடும். "பின்வளவில் ஸ்கங்க் வந்துவிட்டது" என்பதே அது. இலங்கையில் இல்லாத பிராணி இது. வீட்டுப் பூனையின் பருமன், கறுப்பு உடல், முதுகில் வெள்ளைக் கோடுகள். நம் ஊர் மரநாய் கூரையில் குடியேறும். இதுவோ டெக் எனப்படும் மரத்தளத்தின் கீழும், தோட்டத்துக் கொட்டிலின் கீழும், வாசற்படிகளின் கீழும் குடியேறுகிறது. வாலின் அடியிலுள்ள இரு சுரப்பிகளிலிருந்து அது பீச்சும் கந்தகச் சேர்மம் மூன்று மீற்றர் தூரம் வரை பாயக்கூடியது. அந்த நாற்றம் ஒரு முறை வீட்டினுள் புகுந்தால் நாட்கணக்கில் அகலாது.

அங்கு உறவினர் வீடுகளில் தங்கியிருந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட யோசனை, கூடு வைத்துப் பிடித்து எங்காவது தொலைவில் விட்டுவிட வேண்டும் என்பதே. இது தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, பிடித்த விலங்கை அது அகப்பட்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விடுவிக்க வேண்டும். இதில் நியாயம் உண்டு. ஸ்கங்க் விசர்நோயைக் காவக்கூடிய விலங்கு. 2015 டிசம்பரில் ஹமில்ரன் பகுதியில் ரக்கூன்களின் விசர்நோய் வகை மீண்டும் தலைகாட்டி ஸ்கங்க்குகளிடமும் பரவியது. நோயுள்ள ஒன்றை வாகனத்தில் ஏற்றி வேறோர் ஊரில் விட்டால், நோயையும் அங்கே கொண்டு சேர்த்தவர்களாவோம். அதுமட்டுமன்று, ஒன்றை அகற்றிய பொந்து திறந்தே கிடந்தால் அடுத்தது வந்து குடியேறும். விலங்கை விரட்டுவது வேறு, வீட்டைக் காப்பது வேறு.

ஸ்கங்க் ஏன் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். புற்றரையின் கீழுள்ள வண்டுப் புழுக்களுக்காக அது மண்ணைக் கிளறுகிறது. மூடாத குப்பைத்தொட்டி, வெளியே வைத்த பூனைச் சாப்பாடு, பறவைத் தீனியிலிருந்து உதிரும் தானியம், பழமரத்தின் கீழ் அழுகும் பழம் ஆகியன எல்லாம் அதற்கு விருந்து. இவற்றை அகற்றாமல் நப்தலீன் உருண்டைகளை வளவெங்கும் எறிவதால் பயனில்லை. அவை நஞ்சு, விலங்கைவிட நம் குழந்தைகளுக்கே ஆபத்து. புழுக்களைக் கொல்ல முன்னர் தெளித்த இரசாயனங்களை வீட்டுப் புற்றரையில் பயன்படுத்துவது ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கோடையின் பிற்பகுதியில் நெமற்றோட் என்னும் நுண்புழுக்களை நீருடன் கலந்து ஊற்றுவது ஒரு மாற்று வழி.

அடுத்தது பொந்தை அடைப்பது. இங்கேதான் காலம் பார்க்க வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் இணைசேரும் ஸ்கங்க் மே மாதமளவில் நான்கு முதல் ஏழு குட்டிகள் வரை ஈனும். அப்போது வாயிலை அடைத்தால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே என்றாகிவிடும். குட்டிகள் பட்டினியால் இறந்து அழுகும். தாய் மண்ணைப் பிறாண்டித் திரியும். குட்டிகள் தாயின் பின்னால் நடந்து வெளியேறும் கோடையின் பிற்பகுதிவரை பொறுப்பதே மனிதத்தன்மை. இடம்பெயர்வின் வலி தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொந்து வெறுமையானதா என அறிய ஓர் எளிய வழி உண்டு. பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி வாயிலில் தளர்வாகத் திணித்துவிடுங்கள். பத்திரிகையால் இப்படியும் ஒரு பயன்! இரண்டு மூன்று இரவுகள் தாள் கலையாதிருந்தால் உள்ளே எவருமில்லை. ஆனால் குளிர்காலத்தில் அது நாட்கணக்கில் வெளிவராது கிடக்குமாதலால் அப்போது இச்சோதனையை நம்பக்கூடாது. பின்னர் மரத்தளத்தைச் சுற்றிச் சுமார் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அகழ்ந்து, கனமான கம்பி வலையை இறக்கி, அதன் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்து மண்ணால் மூடவேண்டும். தோண்ட வரும் விலங்கு வலையில் முட்டித் திரும்பிவிடும்.

இதில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. நம்மவர் பலர் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். டெக்கின் கீழ் ஸ்கங்க் பீச்சினால் நாற்றம் முதலில் இறங்குவது அவர்களுடைய சிறிய யன்னல் வழியாகத்தான். மேல்தளத்து உரிமையாளருக்கு அது ஒரு நாள் தொல்லை. கீழே இருப்பவருக்கோ வேலைக்கும் பாடசாலைக்கும் உடுத்துச் செல்லும் உடுப்பிலும் நாற்றம். வீட்டை நல்ல நிலையில் பேணுவது உரிமையாளரின் கடமை என ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. வாடகையைத் தவறாது வாங்குபவர் ஒரு கம்பி வலைக்குக் கணக்குப் பார்ப்பது முறையன்று.

நாற்றம் பட்டுவிட்டால் தக்காளிச் சாற்றை நம்பவேண்டாம். 1993இல் போல் கிரேபோம் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் வெளியிட்ட கலவையே பலன் தருவது: 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர், அப்பச்சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. நாயின் உடலில் கண்ணில் படாது பூசி, ஐந்து நிமிடத்தில் கழுவவேண்டும். மீதியைப் போத்தலில் அடைத்து வைத்தால் அது வெடித்துவிடும்.

ஸ்கங்க் சண்டைக்கு வரும் விலங்கன்று. முன்னங்காலை நிலத்தில் தட்டி, வாலை உயர்த்தி, எச்சரித்த பின்னரே அது பீச்சுகிறது. நாம் ஓரடி பின்வாங்கினால் அதுவும் தன் வழியே போய்விடும். ஆனால் பகலில் தள்ளாடித் திரியும் ஒன்றைக் கண்டால் அருகே செல்லாது நகரசபைக்கு அறிவியுங்கள். மற்றப்படி, கூட்டுக்குச் செலவிடும் பணத்தைக் கம்பி வலைக்குச் செலவிடுங்கள். அடுத்த இளவேனிலில் முறைப்பாட்டுக்கு இடமிராது.