வெப்பத்துக்கு ஒரு ஸ்விட்ச்

மின்சாரத்தை நிறுத்த ஒரு ஸ்விட்ச் போதும். வெப்பம் அப்படிக் கட்டுப்படாது. கம்பியைத் துண்டித்தாலும் காற்று, உறை, பிடிமானம் என்று கிடைத்த வழியில் எல்லாம் கசியும். குவான்டம் கம்ப்யூட்டர் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

மிகைக்கடத்திகளால் ஆன இந்தக் கம்ப்யூட்டர்களின் நுண்சுற்றுகளுக்கு 'க்யூபிட்' என்று பெயர். மைனஸ் 273.15 டிகிரிதான் குளிரின் எல்லை. க்யூபிட்கள் இருப்பது அதற்கு ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே மேலே. துளி வெப்பம் நுழைந்தாலும் கணக்கு குழம்பும். ஓயாமல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கலாமே? கூடாது. உறிஞ்சும் பாதை, க்யூபிட்டில் உள்ள தகவலையும் அழித்துவிடும். கணக்கு நடக்கும்போது பாதை மூடியிருக்க வேண்டும். முடிந்ததும் திறக்க வேண்டும்.

இதற்கான விதை பழையது. இரண்டு மிகைக்கடத்திகளுக்கு இடையே பாயும் வெப்பத்தைக் குவான்டம் அலைகளின் ஒத்திசைவு கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்று காசுமி மாக்கி, ஆலன் கிரிஃபின் இருவரும் 1965இல் கணித்தார்கள். நிரூபிக்க 47 ஆண்டுகள் ஆயின. 2012இல் இத்தாலியின் பிசா நகரில் பிரான்செஸ்கோ ஜியசோட்டோவும் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பெரெஸும் காந்தப்புலத்தை மாற்றியே வெப்ப ஓட்டத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள்.

பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மிக்கோ மோட்டோனென் குழு 2017இல் காட்டிய வழி இன்னும் சுவாரஸ்யமானது. மின்காப்புத் தடுப்பைத் தாண்டத் தேவையானதைவிடச் சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தையே எலெக்ட்ரான்களுக்குக் கொடுத்தார்கள். பற்றாக்குறையை அவை பக்கத்துச் சுற்றின் வெப்பத்திலிருந்து எடுத்துக்கொண்டு தாண்டின, சுற்று குளிர்ந்தது. மின்னழுத்தத்தை நீக்கினால் உறிஞ்சலும் நின்றுவிடும்.

எலெக்ட்ரான்களின் ஒரே ஒரு பாதை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்பதற்கும் இயற்கையில் உச்சவரம்பு உண்டு. ஒரு கெல்வின் வெப்பநிலையில், ஒரு கெல்வின் வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அனிந்தியா தாஸ் குழு இந்த அளவைக் கிராஃபீனில் அளந்து 2019இல் வெளியிட்டது.

2023இல் மத்திய அரசு ரூ. 6,003.65 கோடியில் அறிவித்த தேசிய குவான்டம் இயக்கத்தின் இலக்கு, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான கம்ப்யூட்டர்கள். க்யூபிட்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒயர்களும் கூடும். ஒவ்வொரு ஒயரும் வெப்பத்துக்கு ஒரு வாசல். அவற்றை நினைத்த நேரத்தில் திறந்து மூடத் தெரியாவிட்டால், எண்ணிக்கை காகிதத்தோடு நின்றுவிடும்.