இரண்டின் தலையில் குட்டி மூன்று

சென்ற மாதம் ஒரு நாள் இரவு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் என் பெண் நோட்டும் கையுமாக வந்தாள். "அம்மா, ரெண்டு போட்டு அது தலையில குட்டியா மூணு போட்டிருக்கே, இதுக்கு விடை என்னம்மா?"

"இதென்ன பிரமாதம்! ரெண்டு மூணு ஆறு" என்றேன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

மறுநாள் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. "இனிமே உன்கிட்ட கேட்கவே மாட்டேன், போ!" என்று அழுதாள். மனசு சுருக்கென்றது. நான் பத்தாவதோடு நின்றவள்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? மத்தியானம் அவளுடைய புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். கீழே இருக்கும் எண் அடிமானம். மேலே குட்டியாக இருப்பது அடுக்கு. அடுக்கால் பெருக்கக் கூடாது. அடிமானத்தை எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. 2³ என்றால் 2 × 2 × 2, அதாவது 8. ஆறு இல்லை! 2² மட்டும் இரண்டு வழியிலும் 4 என்றே வரும். குழந்தைகள் ஏமாறுவது அங்கேதான்.

சாயங்காலம் புளியங்கொட்டை டப்பாவை எடுத்தேன். முதல் வரிசையில் 2, அடுத்து 4, பிறகு 8, 16, 32 என்று அவளையே அடுக்கச் சொன்னேன். ஆறாவது வரிசைக்குள் டப்பா காலி! "பத்தாவது வரிசைக்கு 1024 வேணும்டி" என்றதும் கண்ணை அகல விரித்தாள்.

2³ × 2² என்று வந்தால் அடுக்குகளைக் கூட்டினால் போதும்: 2⁵, அதாவது 32. எட்டு நாலு முப்பத்திரண்டு, சரிதானே? வகுத்தால் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். அடிமானம் ஒன்றாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். வரிசையைத் திருப்பிப் பாருங்கள்: 8, 4, 2 என்று பாதி பாதியாகக் குறைந்து அடுத்தது 1. அதுதான் 2⁰.

இது பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வெதுவெதுப்பான சாப்பாட்டில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். நாலு மணி நேரத்தில் 12 தடவை. என் பழைய கணக்குப்படி ஒரு கிருமி 24 ஆகியிருக்கும், அவ்வளவுதானே என்று இருந்திருப்பேன். உண்மையில் 2¹², அதாவது 4096! குழந்தைக்குப் பிசைந்த பருப்பு சாதம் மீந்தால் "சாயங்காலம் ஊட்டிக்கலாம்" என்று மூடி வைக்கிறோமே, இனி வேண்டாம். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் போகாது.

நேற்று என் பெண் மறுபடி நோட்டோடு வந்தாள். "அம்மா, 3⁴ எண்பத்தொண்ணுதானே?" அடுப்பை அணைத்துவிட்டு, விரல் விட்டுப் பெருக்கிப் பார்த்த பிறகே "ஆமாம்" என்றேன்.