ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்

அறிவியல் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து முடித்த பள்ளிப் பிள்ளைகள் கடைசியாக வந்து சேரும் இடம் பரிசுப்பொருள் கடை. சென்னையில் அப்படி ஒரு கடையின் மேற்பார்வை என் வேலை. சரக்கு எடுப்பது, விலை ஒட்டுவது, சாயங்காலம் கல்லாக் கணக்கு முடிப்பது, விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளைப் பழக்குவது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று முடிவெடுப்பதைத்தான் நான் முதல் வேலையாக நினைக்கிறேன். உள்ளே இரண்டு மணி நேரம் உண்மையைக் காட்டிவிட்டு, வாசலில் பொய்யைப் பில் போட்டுக் கொடுக்க முடியாது.

தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் சனிக்கோளின் வளையம் ஜொலிக்கும். பக்கத்திலேயே '450 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் முன்வில்லையின் விட்டமோ 60 மில்லிமீட்டர். வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, ஏறத்தாழ அதில் இரண்டு பங்குதான் உருப்படியாகக் கிடைக்கும் உருப்பெருக்கம். 60க்கு 120. அதற்கு மேலே போனால் பிம்பம் பெரிதாகும், கூடவே கலங்கியும் போகும். அதனால் "எத்தனை மடங்கு?" என்று கேட்கும் அப்பாக்களிடம், "வில்லை எத்தனை மில்லிமீட்டர்னு பாருங்க சார்" என்று சொல்ல எங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். நிலாவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் அந்த 60 மில்லிமீட்டரிலேயே நன்றாகத் தெரியும். சனியின் வளையமும் தெரியும், பொடியாக. இதைச் சொல்லி விற்றால் வாங்கிப் போனவர் மொட்டை மாடியில் நின்று ஏமாற மாட்டார்.

மலிவான சில தொலைநோக்கிகளோடு, கண் வைக்கும் வில்லையில் திருகுவதற்கு ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி வரும். சூரியனைப் பார்க்கவாம். முன்வில்லை குவிக்கும் வெயிலின் சூடெல்லாம் அந்தத் துண்டுக் கண்ணாடியில் போய் இறங்கும். அது விரிசல் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் விழித்திரை பொசுங்கிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் பிள்ளை கண்ணை எடுக்கவும் எடுக்காது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அதை எடுத்து உடைத்துப் போட்ட பிறகுதான் ரேக்கில் அடுக்குகிறோம். சரக்கு கொடுப்பவர் சங்கடப்பட்டார். பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் அந்தச் சங்கடம் ஒன்றுமில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. சென்னையில் ஒரு பகுதிதான் மறைந்தது. அதுபோன்ற நாளுக்கென்றே அட்டைச் சட்டத்தில் கிரகணக் கண்ணாடி வருகிறது. ஐஎஸ்ஓ 12312-2 என்ற தர எண் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அருங்காட்சியகக் கடை என்றால் பிளாஸ்டிக் டைனோசரும் சாவிக்கொத்தும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அவையும் விற்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இயங்கிக் காட்டும் பொருள்கள்தான் இந்தக் கடைக்கு உயிர். அதனால் எங்கள் கடையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். விற்பனைக்கு வரும் எந்தப் பொருளிலும் ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், கை எட்டும் உயரத்தில்.

கவுன்ட்டரில் தண்ணீர் குடிக்கும் பறவை ஒன்று நிற்கிறது. அமெரிக்காவின் மைல்ஸ் சல்லிவன் 1946இல் காப்புரிமை பெற்ற பொம்மை. கீழே ஒரு கண்ணாடிக் குமிழ், மேலே ஒரு குமிழ், நடுவே மெல்லிய குழாய், உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம். தலையைச் சுற்றியிருக்கும் துணியை நனைத்துவிட்டால், அந்த ஈரம் ஆவியாகும்போது தலை குளிரும். குளிர்ந்ததும் தலைக்குள் இருக்கும் ஆவி சுருங்கி அழுத்தம் குறையும், அடியிலிருக்கும் திரவம் மேலே ஏறும், தலை கனத்து முன்னே சாயும், அலகு டம்ளர் தண்ணீரில் நனையும். சாய்ந்த நிலையில் திரவம் மறுபடி கீழே வழிந்துவிட, பறவை நிமிரும். டம்ளரில் தண்ணீர் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன், விற்பனைக்கு இல்லை. பெரும்பாலும் உள்ளே இருப்பது டைகுளோரோமீத்தேன். கண்ணாடி உடைந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது.

ஒரு ஐப்பசி மழை நாளில் கரன்ட் போய் ஏ.சி. நின்றிருந்தது. பறவையும் அசையாமல் நின்றது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"அக்கா, பேட்டரி தீந்துபோச்சா?"

"இதுல பேட்டரியே இல்லம்மா. உங்க வீட்ல மழைக்காலத்துல துணி காயுதா?"

"காயாதுக்கா. வாடை அடிக்கும்."

"ஏன் காயல?"

யோசித்தாள். "காத்துலயே ஈரம் இருக்குல்ல. துணியில இருக்க தண்ணி எங்க போகும்?" என்றாள். சொல்லி முடிக்கும்போதே பறவையின் தலையைப் பார்த்தாள். கையிலிருந்த நோட்டால் விசிற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பறவை மெதுவாகக் குனிந்தது. அவளோடு வந்த பிள்ளைகள் எல்லோரும் நோட்டைத் தூக்கிவிட்டார்கள். ஆவியாதல் பற்றி அன்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பெட்டிக்குள் வரும் விளக்கத் தாளையும் அப்படியே நம்பி விற்கக் கூடாது. காற்று பெருமளவு நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு தகடுகள் வெயில் பட்டதும் சுழலும் ஒரு கருவி உண்டு. வில்லியம் குரூக்ஸ் 1870களில் செய்தது. தகடுகளுக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. ஒளியின் அழுத்தம் தள்ளுவதால் சுழல்கிறது என்று ஒரு பெட்டியின் தாளில் போட்டிருந்தது. தொடக்கத்தில் குரூக்ஸே அப்படித்தான் எண்ணினார். அது உண்மையானால் ஒளியைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பக்கத்தில்தான் தள்ளல் அதிகமாக இருக்க வேண்டும். கருவியைப் பாருங்கள், கறுப்புப் பக்கம்தான் பின்வாங்கி ஓடுகிறது. குமிழுக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றும், சூடான கறுப்புப் பக்கத்துக்கும் சூடு குறைந்த வெள்ளைப் பக்கத்துக்கும் உள்ள வேறுபாடும் சேர்ந்து செய்யும் வேலை அது. ரெனால்ட்ஸும் மேக்ஸ்வெல்லும் 1879இலேயே அந்த வழியில் விளக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் தமிழில் ஒரு துண்டுத்தாள் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறோம். தவறான விளக்கத்தோடு போகும் நல்ல கருவி, அது இருக்கும் வீட்டில் பல வருஷம் தவறையே கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

வைக்க மறுக்கும் சரக்கும் உண்டு. மிளகு அளவில் வரும் பலமான காந்த உருண்டைகளை நான் எடுப்பதே இல்லை. இரண்டைப் பிள்ளை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சதையை ஓட்டையாக்கிவிடும். பட்டன் பேட்டரி போடும் மூடி திருகாணி இல்லாமல் கையாலேயே திறந்துவந்தால் அந்தப் பொம்மையும் திரும்பிப் போகும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கு அதில் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டி அந்த வகையில் வரும். அது எங்கள் கடையில் நடு ரேக்கில் இருக்கிறது. அடி உருண்டை, அடியில்தான் கனம், எப்படிச் சாய்த்தாலும் எழுந்துவிடும். ஈர்ப்பு மையத்தை இதைவிட நன்றாகச் சொல்லும் பொருளை எந்தச் சப்ளையரும் எனக்குக் காட்டியதில்லை.

வருஷக் கடைசியில் அலுவலகத்தில் ஒரு கேள்வி வரும். டேமேஜ் கணக்கு ஏன் இவ்வளவு? பெட்டிக்கு வெளியே வைத்தவை தேய்கின்றன, உடைகின்றன, சில காணாமலும் போகின்றன. அதை நஷ்டமென்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. உள்ளே காட்சிக்கூடத்தில் ஒரு நெம்புகோல் தேய்ந்தால் பராமரிப்புச் செலவு என்று எழுதுகிறோம். கடையிலும் அப்படியே எழுத வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்தால் ஒன்றும் உடையாது, யாரும் ஒன்றும் தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது கீழ்த்தட்டு. அங்கே எல்லாம் பத்து, இருபது ரூபாய். பம்பரம், சின்ன உருப்பெருக்கி, அட்டைச் சட்டத்தில் ஒட்டிய வானவில் பிலிம். பத்து ரூபாய் நோட்டை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, அடுக்குகளின் விலைச் சீட்டையெல்லாம் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே போகும் பிள்ளைகளைப் பார்த்தபின் வைத்த தட்டு அது. லாபம் பெரிதாக இல்லை. ஆனால் இந்தத் தட்டு இல்லாத கடையை அறிவியல் கடை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் தட்டின் ஓரத்தில் ஸ்ட்ராவில் பீப்பி செய்யும் முறையை அச்சடித்த தாளும் இருக்கிறது, இலவசம். ஸ்ட்ராவின் ஒரு முனையைத் தட்டையாக்கிக் கூராக வெட்டி ஊதினால் சத்தம் வரும்; ஊதிக்கொண்டே மறுமுனையை வெட்டி வெட்டிக் குறைத்தால் சுருதி ஏறும். குப்பையிலிருந்தே அறிவியல் பொம்மை செய்யலாம் என்று நாடெங்கும் போய்ச் செய்து காட்டிய அர்விந்த் குப்தாவின் பொம்மைகளில் இதுவும் உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்கு என்று கால் மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். "காசு இல்லாதவங்க பஸ்ஸுல ஏறுங்க" என்று வாசலிலேயே பிரித்துவிடாதீர்கள், எல்லோரையும் உள்ளே அனுப்புங்கள். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே வைத்திருக்கும் எதையும் தொடலாம், சுழற்றலாம், ஏன் என்று கேட்கலாம். பதில் சொல்லத்தான் நாங்கள் அங்கே நிற்கிறோம்.