ஏரியின் கணக்கைப் பிள்ளைகள் வாசிக்கட்டும்

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயிலால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. நூற்றுக்கணக்கான பயணிகள் நாலாபுறமும் தண்ணீர் சூழ நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வந்து சேர்வதற்குள் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் வந்துவிட்டார்கள். வெள்ளம் அவர்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. இருந்த அரிசியைப் பொங்கி, முன்பின் தெரியாதவர்களுக்குப் பசியாற்றினார்கள்.

இதை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் பாடமாக நடத்தவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்த மீனவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனித மதிப்புகள் தேய்ந்துபோயின என்று மேடைதோறும் புலம்புவதை நாம் ஏற்பதற்கில்லை. தவிப்பவர் கண்ணெதிரே நின்றால் இந்த மக்களின் நெஞ்சு இளகத்தான் செய்கிறது. 20 ஆண்டு கழித்துத் தவிக்கப்போகிறவருக்காக மட்டும் அது இளக மறுக்கிறது. வரத்துக்கால்வாயை மூடி மனை போட்டு விற்றவரும், அந்த மனைக்கு ஒப்புதல் கொடுத்த அலுவலரும், வெள்ளம் வந்த அன்று உணவுப் பொட்டலத்தோடு படகில் ஏறுகிறவர்களாகவே இருக்கக்கூடும். வெள்ளத்துக்குப் பின் வருகிற அந்த ஈரத்தை வெள்ளத்துக்கு முன்னே வரவைப்பதுதான் காலநிலைக் கல்வியின் வேலை. இன்று நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடப்பது அந்த வேலை இல்லை.

புவி சூடாவது தெரியாமல் நடந்த பிழை என்று இனியும் யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் தலைமைக்கு, நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் காலநிலை மாறும் என்று அதன் சொந்த விஞ்ஞானி 1977இலேயே விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே போட்ட வெப்பநிலைக் கணக்குகள் பிற்பாடு நடந்ததோடு பெரும்பாலும் பொருந்திப்போயின என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே நிறுவனம்தான் பல ஆண்டுகள் இந்த அறிவியலே உறுதியானதில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நன்றாகப் படித்தவர்கள், தெரிந்தே செய்த காரியம் இது. நம் ஊரிலும் ஏரிக்குள் கட்டடம் எழ வேண்டுமானால் வரைபடம் போட ஒரு பொறியாளர் வேண்டும். பத்திரம் எழுத, கடன் கொடுக்க, மின் இணைப்புத் தர என்று ஒவ்வொரு படியிலும் பட்டம் பெற்ற ஒருவரின் கையெழுத்து வேண்டும். படிக்காத ஆள் தனியாக ஓர் ஏரியைத் தொலைத்துவிட முடியாது.

அவர்கள் அத்தனை பேரும் சுற்றுச்சூழல் பாடம் படித்தவர்களாகவே இருக்க வாய்ப்புண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22ஆம் தேதி அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலையிலும் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. செயலாக்கம் இழுபறியாகவே நடந்து, 2003இல் நீதிமன்றம் மறுபடி கண்டிப்புக் காட்ட வேண்டியிருந்தது. இளநிலைப் பட்டம் எதுவானாலும் சுற்றுச்சூழல் தாள் எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. அந்தத் தாளை மாணவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்: தேர்வுக்கு முந்தின இரவு ஒரு கைடு, காலையில் ஐந்து மதிப்பெண் வினாக்கள், மாலையில் மறதி. பின்னர் 2022இல், கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, என்சிஇஆர்டி 10ஆம் வகுப்பு அறிவியலில் இயற்கை வள மேலாண்மை பற்றிய பாடத்தையும் 12ஆம் வகுப்பு உயிரியலில் சுற்றுச்சூழல் சிக்கல்கள் பற்றிய பாடத்தையும் நீக்கியது. சுமை என்று வந்ததும் கீழே போடத் தோன்றியது இவற்றைத்தான் என்பது வருத்தம் தருகிறது.

பாடப்புத்தகத்துக்கு வெளியே நடப்பதும் பெரும்பாலும் சடங்கு. ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாள். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண் சுடுகிற அந்த நாளில் மரக்கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், பிள்ளைகளை ஓவியப் போட்டியில் உட்கார வைத்து அழுகிற பூமியை வரையச் சொல்கிறோம். கன்றுக்கு ஜூலையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்பாரில்லை. இதற்கு நடுவிலும் விடாமல் கன்றை வளர்த்துக் காட்டுகிற ஆசிரியர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஆனால் ஓர் ஆசிரியரின் தனி ஆர்வத்தில் தொங்கிக்கொண்டிருப்பது கல்விமுறை ஆகாது. அவர் மாற்றலாகிப் போன மறுவருடமே கன்று காய்ந்துவிடுகிறது.

அப்படியானால் எந்த மதிப்பைக் கற்பிப்பது? அன்பு, கருணை என்று பெரிய சொற்களைச் சுவரில் எழுதிவைப்பதால் பயனில்லை. காலநிலை நெருக்கடிக்கு நேராக வேண்டியவை இரண்டு: இருப்பதைக் கணக்குப் பார்ப்பது, எடுத்ததற்குக் கணக்குச் சொல்வது. இரண்டும் இந்த மண்ணுக்குப் புதியவையும் இல்லை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. அந்தச் சபையில் பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் இடமில்லை என்பதையும், பல ஊர்களில் மடையைத் திறந்து மூடி ஏரியைக் காத்த நீர்க்கட்டிகள் ஒடுக்கப்பட்ட சாதியினராகவே இருந்தார்கள் என்பதையும் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச நமக்கு விருப்பமில்லை. கணக்குக் காட்டாதவருக்குப் பதவியில்லை என்ற விதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். கணக்குக் கேட்கும் உரிமையை இப்போது எல்லோருக்கும் கொடுப்போம்.

பழக்கம் என்ன செய்யும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி சாட்சி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய அந்த ஊரில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பது ஒன்றே காரணம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தீபாவளி வெடியை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அதைத் தியாகம் என்றுகூட நினைப்பதில்லை. அம்மா வெடித்ததில்லை, அப்பா வெடித்ததில்லை, ஊரில் யாரும் வெடிப்பதில்லை. வேடந்தாங்கலிலும் இதே கதைதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கும் உரிமையை ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்தில் வாங்கிவைத்தார்கள். பெரியவர்கள் செய்வதைத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.

இதில்தான் நாம் தோற்கிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரைச் சாலையின் பெயர் மட்டும் மிச்சம். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டி, சாலை போட்டு, கட்டடம் எழுப்பி, பெரும்பகுதியை இழந்த பிறகுதான் 2022இல் அதற்கு, பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் ஒரு சட்டம் இயற்றினோம். 2023 ஏப்ரலில், பெரிய திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்குள் நீர்நிலை இருந்தாலும் சேர்த்து எடுக்க வழி செய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைப் பேரவையில் நிறைவேற்றினோம். உழவர் அமைப்புகள் அதைத் திரும்பப் பெறச் சொல்கின்றன. நாமும் அதையே சொல்கிறோம். ஓர் அரசு, வகுப்பறையில் ஏரியைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சட்டப்பேரவையில் அதைக் கொடுத்துவிடும் வழியைத் திறந்துவைத்தால், பிள்ளைகள் இரண்டாவது பாடத்தைத்தான் நினைவில் வைப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலநிலைக் கல்வி என்ற பெயரில் ஏழைப் பிள்ளையின் தலையில் குற்ற உணர்வை ஏற்றுவது அநீதி. ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு சராசரியாகச் சுமார் 2 டன். ஓர் அமெரிக்கரின் பங்கு ஏறத்தாழ 14 டன். இந்தியாவுக்குள்ளும் குளிரூட்டிய மாடி வீட்டுக்கும் ராமநாதபுரத்துக் குடிசைக்கும் ஒரே சராசரி பொருந்தாது. மறுபுறம், 2024இல் வெப்ப அலை, வெள்ளம், புயல் போன்றவற்றால் உலகெங்கும் 24 கோடிக்கும் அதிகமான மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது என்கிறது யுனிசெஃப். தமிழ்நாட்டிலேயே 2023இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பை ஜூன் 1இலிருந்து தள்ளித் தள்ளி இரண்டாம் வாரத்துக்குக் கொண்டுபோனோம். பிளாஸ்டிக் பையை மறுக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர்கள், அந்தப் பையைத் தயாரித்த ஆலையைப் பற்றியும் அதே வகுப்பில் பேச வேண்டும். யார் எடுத்தார், யார் இழக்கிறார் என்று கேட்கத் தெரிவதும் மனித மதிப்புதான்.

எனவே நாம் முன்வைப்பது இது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 40,000. அரசுப் பள்ளிகள் 37,000க்கும் மேல். கிட்டத்தட்ட பள்ளிக்கு ஒரு நீர்நிலை. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர் நீர்நிலைக்கு ஒரு கணக்கேடு வைக்கட்டும். மழை பெய்த நாளில் எத்தனை மில்லிமீட்டர், கலிங்கு வழிந்தது என்றைக்கு, மடையில் தண்ணீர் நின்றது என்றைக்கு, வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை. மழைமானி வாங்கக் காசில்லாத பள்ளியில் நேரான பாட்டிலும் அளவுகோலும் போதும். புல எண்ணைக் கொண்டு நில அளவை வரைபடத்தை அரசின் இணைய சேவையிலேயே எடுத்துவிடலாம். தாத்தா சொல்லும் ஏரியின் எல்லையையும் வரைபடத்தில் உள்ள எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நாளில், கணக்கு, புவியியல், வரலாறு மூன்றையும் பிள்ளை ஒரே மூச்சில் படித்துவிடும். பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத 6 முதல் 9ஆம் வகுப்பு வரை இதைச் செய்தால் போதும். மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் போட்டால் மூன்றாம் மாதமே இந்த ஏட்டுக்கும் கைடு வந்துவிடும்.

ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. மண் அள்ளிய பள்ளங்களில் பிள்ளைகள் மூழ்கும் செய்தி கோடைதோறும் வருகிறது. ஆகவே பெரியவர் துணையில்லாமல் கரையை விட்டு இறங்கக்கூடாது என்பது முதல் விதியாக வேண்டும். ஆக்கிரமிப்பு செய்தவர் ஊரில் செல்வாக்குள்ளவர் என்றால் ஆசிரியருக்கு நெருக்கடி வரும். அதனால் ஏட்டில் ஆள் பெயரே கூடாது. தண்ணீரின் அளவும் கரையின் நீளமும் மட்டும் எழுதப்படட்டும். யார் பிடித்துவைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது சம்பளம் வாங்குகிற அலுவலரின் வேலை. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது.

ஏட்டை எழுதி அலமாரியில் பூட்டினால் இதுவும் சடங்காகிவிடும். கிராம சபையின் சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி காட்டியிருக்கிறது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அந்த ஊரையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு போனார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று முதல் பொருளாக, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஏரியின் ஓராண்டுக் கணக்கை ஊர் முன்னால் எழுந்து நின்று வாசிக்கட்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறைப் பொறியாளரும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரும் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். நகரத்துப் பள்ளிகளுக்குப் பகுதி சபை இருக்கிறது.

வாசித்தது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அலுவலரின் பதில் எழுத்தில் வர வேண்டும். அடுத்த கிராம சபை மே 1ஆம் தேதி. அந்தப் பதிலை, கேட்ட பிள்ளைகள் இருக்கும்போதே அங்கே வாசிக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால் வரும் மழைக்காலத்திலேயே ஏட்டின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.