திரும்பத் தெரிந்தவரே டிரைவர்!

கார் ஓட்டத் தெரியும். லைசென்சும் இருக்கிறது. "காட்டுப் பாதைதானே, போய்ப் பார்ப்போமே!" என்று பலர் குடும்பத்தோடு புறப்பட்டு விடுகிறார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால், ஒன்று சொல்லுவேன். முன்னே போகத் தெரிந்தவர் பாதி டிரைவர். வேண்டிய இடத்தில் திரும்பி வரத் தெரிந்தவரே முழு டிரைவர்!

இறக்கத்தில் கவனம்

பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி, சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். அது பெரிய ஆபத்து. முதல் கியரிலோ, இரண்டாவது கியரிலோ மெதுவாக இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே போனால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

குறுகிய மலைப் பாதையில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். இது சாலை விதி.

சேற்றில் சக்கரம் வீணாகச் சுற்றுகிறதா? ஆக்சிலேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

"பயமா சார்?"

ஒருமுறை மனைவி, மகளுடன் மலைத் தோட்டத்து வழியாக அருவி பார்க்கப் போனேன். முதல் நாள் மழை. எதிரே வழுக்கும் இறக்கம். இறங்கிவிடலாம், மறுபடி ஏற முடியுமா? தயங்கி நின்றேன்.

பின்னால் ஜீப்பில் வந்தவர் ஹாரன் அடித்தார். "பயமா சார்?" என்று சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கியரைப் போட்டேன்.

"ஏங்க, குழந்தை இருக்கு. திரும்பிடலாம்" என்றாள் மனைவி.

திரும்பினேன். "அருவி எங்கேப்பா?" என்று மகள் அழுதாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஜீப்காரர் பத்திரமாகவே போய் வந்திருப்பார். அதனால் என்ன? அவர் கை தேர்ந்தவர். நான் புதியவன். நான் செய்தது சரிதான்.

முதலில் எங்கே போகலாம்?

கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரிக்குப் போய்ப் பழகலாம். வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பகலில் போக வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் வழியை அடைத்துவிடுவார்கள். அப்போது முணுமுணுக்க வேண்டாம். "இன்று திரும்பிப் போ" என்று காடே சொல்கிறது!

ரோஷத்துக்காக வண்டியை விடாதீர்கள். பிள்ளைகள் பின் சீட்டில் இருக்கிறார்கள். ஏரியும் அருவியும் எங்கும் ஓடிப் போய்விடாது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்!