எஸ்யூவி அலையிலும் கரையாத ஸ்டேஷன் வேகன்: ஐரோப்பியக் குடும்பங்கள் இதை ஏன் விடுவதில்லை?

பிரிட்டனில் 2023-ம் ஆண்டு வால்வோ நிறுவனம் ஒரு முடிவு எடுத்தது. இனி அங்கே ஸ்டேஷன் வேகன் விற்கப்போவதில்லை, எஸ்யூவி மட்டும்தான் என்றது. வேகன் என்றாலே வால்வோ என்று பல தலைமுறைகளாகப் பழகிய நாடு அது. ஒரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. 2024-ல் வி60, வி90 என்ற இரண்டு வேகன் மாடல்களையும் அதே நிறுவனம் திரும்பக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

இன்று ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கும் மேல் எஸ்யூவி ரகம். ஃபோர்டு மாண்டியோ, ஓப்பல் இன்சிக்னியா போன்ற பெயர்பெற்ற குடும்ப கார்கள் 2022-லேயே ஐரோப்பியச் சந்தையிலிருந்து வெளியேறிவிட்டன. அவற்றோடு அவற்றின் வேகன் வடிவங்களும் போயின. ஆனால் ஃபோக்ஸ்வாகன் தன் புதிய தலைமுறை பஸாட்டை ஐரோப்பாவில் வேகனாக மட்டுமே விற்கிறது. நின்றுபோனது செடான்தான்!

அப்படி என்னதான் இருக்கு இந்த நீளமான காரில்?

முதலில், ஸ்டேஷன் வேகன்னா எது?

சிம்பிளா சொன்னா, செடான் காரின் கூரையைப் பின் பம்பர் வரைக்கும் நீட்டி, தனி டிக்கிக்குப் பதிலாக மேல்நோக்கித் திறக்கும் ஒரு கதவு வைத்தால் அதுதான் வேகன். உயரம் செடான் அளவுதான், இடம் மட்டும் வேன் மாதிரி.

பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரயில் நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்களின் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிப்போன வண்டிகள் என்பதால் ‘ஸ்டேஷன்’ வேகன். பிரிட்டனில் இதே வண்டி ‘எஸ்டேட்’, ஜெர்மனியில் ‘கோம்பி’, பிரான்ஸில் ‘பிரேக்’.

1953-ல் வால்வோ தன் முதல் வேகனுக்கு வைத்த பெயர் ‘டூயெட்’. ஒரே வண்டியில் இரண்டு வண்டி என்று அர்த்தம்: வார நாளில் வேலைக்கு, விடுமுறையில் குடும்பத்துக்கு. எழுபது வருடம் கழித்தும் வேகனை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட இதேதான்.

டிக்கி கணக்கு

புதிய பஸாட் வேகனின் டிக்கி 690 லிட்டர். பின் சீட்டை மடக்கினால் 1,920 லிட்டர். அதைவிடக் கொஞ்சம் சின்னதான ஸ்கோடா ஆக்டேவியா கோம்பிக்கு 640 லிட்டர்.

லிட்டர் கணக்கு மட்டும் முழுக் கதை இல்லை. அந்த இடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். எஸ்யூவியில் இடம் மேல்நோக்கிப் போகும். சாமானை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பிரேக் போட்டால் மேலே இருப்பது முன்னால் பாயலாம். வேகனில் இடம் தரையோடு நீளமாகப் போகும். குழந்தையின் தள்ளுவண்டி, சூட்கேஸ், சைக்கிள் எல்லாவற்றையும் படுக்கவைத்துவிடலாம்.

டிக்கியின் விளிம்பும் தாழ்வு. கனமான பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. வயதான நாய்கூடக் கொஞ்சம் உதவி செய்தால் ஏறிவிடும். ஐரோப்பாவில் நாய் வளர்க்கும் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். கூரைமேல் பெட்டி கட்டினாலும் ஸ்டூல் போடாமல் கை எட்டும்.

கேரவன் இழுக்கும் கணக்கு

இங்கே கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி இல்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும், இன்ஜின் இல்லாத சின்ன வீடு. கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடை விடுமுறை வந்தால் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் குடும்பங்கள் இதை மாட்டிக்கொண்டு தெற்கே பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பக்கம் கிளம்பிவிடும். விடுமுறை உச்சத்தில் பிரான்ஸ் நெடுஞ்சாலைகள் ஸ்தம்பிக்கும் சனிக்கிழமைக்கு ‘கறுப்புச் சனி’ என்றே பெயர்.

இப்படி இழுக்கும்போது பயப்பட வேண்டியது ‘வாலாட்டம்’. பக்கவாட்டுக் காற்று, லாரியை முந்துவது, திடீரென ஸ்டீயரிங்கைத் திருப்புவது, இதில் எது நடந்தாலும் கேரவன் இடமும் வலமும் ஊசலாட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஊசலும் கூடும். ஒரு கட்டத்தில் வால் நாயை ஆட்டுகிற கதையாக, கேரவன் காரையே இழுத்துத் திருப்பிவிடும்.

இதைத் தடுக்க இழுக்கும் காருக்கு என்ன வேண்டும்? போதுமான எடை, முன் பின் சக்கரங்களுக்கு இடையே நல்ல நீளம், தரைக்கு அருகில் ஈர்ப்பு மையம். நடுத்தர வேகனில் இந்த மூன்றும் இருக்கிறது. டீசல் இன்ஜின் சேர்ந்தால் பிரேக் உள்ள டிரெய்லரை ஒன்றரை முதல் இரண்டு டன் வரை இழுக்கும் மாடல்கள் உண்டு. ஒரு குடும்ப கேரவனுக்கு அது போதும்.

வேகனுக்கு ஒரு பலவீனமும் உண்டு. டிக்கியில் சாமான், கொக்கியில் கேரவனின் பாரம், இரண்டும் சேர்ந்தால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தின் பிடி குறையும். இதற்காகத்தான் 1977-ல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ123 வேகனில், பாரத்துக்கு ஏற்பப் பின்பக்கத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் சஸ்பென்ஷனைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தார்கள். சிட்ரோயன் வேகன்களில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து இயங்கும் சஸ்பென்ஷன் இதே வேலையைச் செய்தது. கேரவன் வைத்திருந்தவர்கள் அந்தக் கார்களைத் தேடிப்போய் வாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

லைசென்ஸில் ஒளிந்திருக்கும் ட்விஸ்ட்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண ‘பி’ லைசென்ஸ் இருந்தால் 750 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடக் கனமானதை இழுக்க வேண்டுமென்றால், காருக்கும் டிரெய்லருக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச எடையின் கூட்டுத்தொகை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ வேண்டும்.

இப்போ கணக்குப் போடுங்க. உச்ச எடை 2,200 கிலோ உள்ள வேகன் என்றால் கேரவனுக்கு 1,300 கிலோ மிச்சம். 2,700 கிலோ எஸ்யூவி என்றால் மிச்சம் 800 கிலோதான். அதாவது இழுக்கும் வலு அதிகமுள்ள பெரிய வண்டியை வாங்கியவர், சாதாரண லைசென்ஸோடு சின்ன கேரவனைத்தான் இழுக்க முடியும்!

(ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் 2021 டிசம்பரில் இந்த விதியைத் தளர்த்தியது. அங்கே கார் லைசென்ஸ் உள்ளவர்கள், கார் தாங்கும் வரம்புக்குள், 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம்.)

ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு வேக வரம்பு 80 கி.மீ. டயர் ஆறு வயதுக்குள் இருப்பது, காருக்கும் கேரவனுக்கும் உள்ள எடை விகிதம், ஊசலாட்டத்தைத் தடுக்கும் சாதனம் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால், ஆட்டோபானில் 100 கி.மீ. வரை போக அனுமதி ஸ்டிக்கர் கிடைக்கும்.

சரி, இன்னொரு முக்கியமான கணக்கு. கேரவன் இழுப்பது வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம். மீதி வாரமெல்லாம் அதே கார்தான் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் போகணும். அந்த நாட்களில் தாழ்வான, காற்றைக் கிழித்துப்போகும் கார் எரிபொருளை மிச்சப்படுத்தும், வளைவுகளில் சாயாது. வேகனின் உண்மையான பலம் இங்கேதான்.

அப்போ அமெரிக்காவில் ஏன் செத்துப்போச்சு?

வேகன் பிறந்ததே அமெரிக்காவில். பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி அலங்காரம் செய்த ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் ஒரு காலத்தில் அங்கே நடுத்தரக் குடும்பத்தின் அடையாளம். அது 1991-ல் முடிந்தது. ப்யூக் ரோட்மாஸ்டர் வேகன் 1996-ல் நின்றது.

எண்பதுகளில் கிறைஸ்லர் மினிவேன்களும் அடுத்து எஸ்யூவிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. ரசனை மாறியது பாதிக் காரணம். மீதிப் பாதி சட்டம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம், வாகனங்களைக் ‘கார்’ என்றும் ‘லைட் டிரக்’ என்றும் பிரித்தது. வேகன் கார் கணக்கில் வந்தது. மினிவேனும் எஸ்யூவியும் டிரக் கணக்கில் போயின. தொண்ணூறுகளில் ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல் தர வேண்டும் என்றால், டிரக்குகளுக்கு இலக்கு 20 மைலைச் சுற்றித்தான். பெரிய வேகன் செய்து கார் சராசரியைக் கெடுத்துக்கொள்வதைவிட, அதே குடும்பத்துக்கு டிரக் கணக்கில் வரும் எஸ்யூவியை விற்பது நிறுவனங்களுக்கு லாபமாக இருந்தது.

இழுப்பதிலும் வித்தியாசம் உண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். பெரும்பாலான ஐரோப்பியக் குடும்ப கார்களின் கொக்கி தாங்குவதோ 75 முதல் 100 கிலோதான். அங்கே வேகமும் அதிகம். அதனால் ஐரோப்பாவில் ஒன்றரை டன் இழுக்கும் கார், அமெரிக்கக் கணக்கில் ‘தகுதியில்லை’ ஆகிவிடும்.

ஐரோப்பாவிலோ பெட்ரோல் வரி அதிகம், தெருக்கள் குறுகல். ஜெர்மனியில் புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களின் பெயரில் பதிவாகிறது. வாரம் முழுக்க ஆட்டோபானில் ஓடும் ஊழியருக்கு ஆபீஸ் கொடுக்கும் கார்தான் பல வீடுகளில் குடும்ப காரும். அந்த இரட்டை வேலைக்கு வேகன் கச்சிதமாகப் பொருந்தியது.

எலெக்ட்ரிக் கார் கதையை மாற்றுமா?

ஓரளவு மாற்றத் தொடங்கிவிட்டது. நெடுஞ்சாலை வேகத்தில் பேட்டரியை அதிகம் தின்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஃபோக்ஸ்வாகனின் மின்சார எஸ்யூவியான ஐடி.4-ன் காற்றுத்தடைக் குணகம் 0.28. அதே நிறுவனத்தின் மின்சார வேகனான ஐடி.7 டூரருக்கு 0.24. டிக்கியும் வேகனில்தான் பெரிசு: 543 லிட்டருக்கு எதிராக 605 லிட்டர். ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் வேண்டுமென்றால் பேட்டரியைப் பெரிசாக்கலாம், இல்லையென்றால் காரைத் தாழ்வாக்கலாம். இரண்டாவது வழிக்குச் செலவு குறைவு.

ஐடி.7 டூரர், பிஎம்டபிள்யூ ஐ5 டூரிங், ஆடி ஏ6 அவான்ட் இ-டிரான் என மூன்று மின்சார வேகன்கள் 2024-ல் வரிசையாக வந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் கேரவன் மாட்டினால் கதை வேறு. பின்னால் வரும் உயரமான பெட்டிதான் காற்றை வாங்கும். முன்னால் கார் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் ரேஞ்ச் கிட்டத்தட்டப் பாதியாகும். பல சார்ஜிங் நிலையங்களில் கேரவனைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் காரை நிறுத்தவே முடியும். டீசல் வேகனுக்கு இன்னும் மவுசு குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊரில் ஏன் எடுபடவில்லை?

முயற்சி நடக்காமல் இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட், அப்புறம் மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி, 2004-ல் டாடா இண்டிகோ மரினா. எதுவும் நிலைக்கவில்லை.

காரணங்களைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். நமக்குப் பெரிய டிக்கியைவிட மூன்றாவது வரிசை சீட்தான் தேவைப்பட்டது. தாத்தா, பாட்டி, அத்தை எல்லாரும் ஒரே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போகணும். அதை குவாலிஸும் இன்னோவாவும் பிறகு எர்டிகாவும் செய்தன. வேகத்தடையில் அடி தட்டாத உயரமும் வேண்டும். கேரவன் இழுக்கும் பழக்கம் இங்கே இல்லை. 2006 பட்ஜெட்டிலிருந்தே 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலில் உள்ள ஜிஎஸ்டி விகிதத்தில், நீளமும் இன்ஜின் அளவும் வரம்புக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். நீளமே பலமான ஒரு வண்டிக்கு இதைவிடப் பாதகமான விதி இருக்க முடியாது.

அப்போ யாருக்கு எது?

இரண்டு டன்னுக்கு மேல் படகோ குதிரை வண்டியோ இழுக்கணும், மண்பாதையில் ஏறணும்னா எஸ்யூவிதான் சரி. ஏழு பேர் போகணும்னா எம்பிவி. உயரமான சீட்டில் ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிது என்பதும் உண்மை. ஐந்து மீட்டரை நெருங்கும் வேகனுக்கு பார்க்கிங் தேடுவது தொல்லைதான். நான்கு பேர், நிறைய சாமான், நீண்ட நெடுஞ்சாலை, எப்போதாவது ஒரு கேரவன் என்றால் வேகனுக்குப் போட்டி குறைவு.

ஒரு குடும்பம் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து எஸ்யூவி வாங்கினால் அது அவர்கள் தேர்வு. ஷோரூமில் வேகனே இல்லாததால் எஸ்யூவி வாங்கினால்? அந்தக் கூடுதல் எடைக்கும் எரிபொருளுக்கும் அவர்கள் வருடக்கணக்கில் காசு கட்டணும். பிரிட்டனில் வால்வோ வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மாண்டியோவும் இன்சிக்னியாவும் ஓட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்கள் இப்போது பழைய கார் சந்தையில்தான் தங்கள் அடுத்த வேகனைத் தேட வேண்டியிருக்கிறது.